நாலு பேர் முன்னால் நிற்கும் மூளை

மாத்திரை எழுதிக் கொடுத்தால் அது மருத்துவம், எதிரே உட்கார்ந்து பேசினால் அது வெறும் ஆறுதல் என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் தமிழ்நாட்டில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. உடுமலைப்பேட்டையிலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர் பேருந்தில் சென்று கோவையில் மனநல மருத்துவரைப் பார்க்கும் ஒரு குடும்பம், மருந்துச் சீட்டுக்குப் பதிலாக, வாரம் ஒருமுறை வந்து உளவியலாளரிடம் பேசுமாறு அறிவுறுத்தப்பட்டால், "பேசறதுக்குத்தானுங்களா இத்தனை தூரம் வந்தோம்?" என்று சலித்துக்கொள்வது இயல்பே. மருந்து மூளைக்குள் செல்கிறது, பேச்சு காதோடு நின்றுவிடுகிறது என்ற எண்ணமே அந்தச் சலிப்புக்கு அடிப்படை. கடந்த சில பத்தாண்டுகளில் நடந்த மூளைப் படமெடுப்பு ஆய்வுகள் இந்த எண்ணத்தைத் தவறென்று காட்டியிருக்கின்றன. அவற்றுள் தெளிவான சில, சபைக்கூச்சத்தின் முற்றிய வடிவமான சமூகப் பதற்றக் கோளாறுக்கு அளிக்கப்படும் உரையாடல் சிகிச்சையிலிருந்து கிடைத்தவை.

புதியவர்களைக் கண்டால் சற்றே ஒதுங்கி நின்று, பத்து நிமிடத்தில் பழகிவிடும் பிள்ளைக்கு இருப்பது கூச்ச சுபாவம். அது குணமே தவிர நோயாகாது. பிறர் தம்மைக் கவனித்து, எடைபோட்டு, இழிவாக நினைத்துவிடுவார்கள் என்ற அச்சம் மாதக்கணக்கில் நீங்காமல் நின்று, அதன் காரணமாகவே ஒருவர் படிப்பையோ வேலையையோ உறவையோ விட்டு விலகத் தொடங்கும்போதுதான் அது கோளாறு எனப்படுகிறது. லண்டனில் பணியாற்றிய மனநல மருத்துவர்களான ஐசக் மார்க்ஸும் மைக்கேல் கெல்டரும் 1966ஆம் ஆண்டிலேயே இதைப் பிற அச்சங்களிலிருந்து வேறுபடுத்திக் காட்டியிருந்தபோதிலும், அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய் வகைப்பாட்டு நூலில் இதற்குத் தனி இடம் கிடைத்தது 1980இல் வந்த மூன்றாம் பதிப்பில்தான். பெரும்பாலோர்க்கு இது 8 வயதுக்கும் 15 வயதுக்கும் இடையில் தலைகாட்டுகிறது. அந்த வயதில் வாய் திறக்காத பிள்ளையை, குறிப்பாகப் பெண்பிள்ளையை, அடக்கமானவள் என்று வீடும் பள்ளியும் பாராட்டிவிடுவதால், சிகிச்சைக்கு உரிய காலம் பெரும்பாலும் பாராட்டிலேயே கழிந்துவிடுகிறது.

கொங்கு நாட்டு வாழ்க்கையில் முக்கியமானவை எல்லாம் நாலு பேர் முன்னிலையில் நடப்பவை. திருமண மண்டபத்தில் மொய் எழுதும் மேசையின் முன் வரிசையில் நின்று, பெயர், தந்தை பெயர், ஊர், தொகை ஆகியவற்றை எழுதுபவரின் காதில் விழும்படி சொல்ல வேண்டும். பின்னால் நிற்பவர்களுக்கும் அது கேட்கும். மற்றவர்களுக்கு அரை நிமிட வேலையான இதற்கு, சமூகப் பதற்றம் உடைய ஓர் இளைஞர் வீட்டிலிருந்தே அந்தச் சொற்களை மனத்துக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு வருகிறார். வரிசை நகர நகர உள்ளங்கை வியர்க்கிறது. முறை வந்ததும் குரல் தொண்டையோடு நின்றுவிட, எழுதுபவர் நிமிர்ந்து பார்க்கும் அந்த ஒரு கணத்தில், அடுத்த திருமணத்துக்குத் தம்பியிடம் பணத்தைக் கொடுத்தனுப்பும் முடிவு எடுக்கப்பட்டுவிடுகிறது. பெண் பார்க்க வந்தவர்கள் முன் காபித் தட்டோடு நிற்பதும், தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டுக் கோவைக் கல்லூரியில் ஆங்கிலத்தில் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வதும், வளாக நேர்காணலும் இதே வரிசையில் வருபவை. மேடைப்பேச்சையும் பட்டிமன்றத்தையும் பெருங்கலையாக வளர்த்த ஒரு மொழிச் சமூகத்தில், நாலு வார்த்தை பேச வராதவர் படும் அவமானம் கூடுதல் கனமுடையது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

அந்த ஒரு கணத்தில் மூளைக்குள் நடப்பதை ஓரளவு துல்லியமாகச் சொல்ல முடியும். காதுகளுக்கு நேர் உள்ளே, மூளையின் இரு பக்கங்களிலும், பாதாம் பருப்பின் வடிவில் அமிக்டலா என்னும் நரம்பணுத் தொகுதி இருக்கிறது. எதிரே வருவது ஆபத்தா இல்லையா என்று மதிப்பிட்டு, ஆபத்தென்று பட்டால் இதயத் துடிப்பையும் வியர்வையையும் தசை இறுக்கத்தையும் உடனே கூட்டும் செயல்களில் இதற்கு முக்கியப் பங்கு உண்டு. சமூகப் பதற்றம் உடையவர்களுக்குச் சினமோ ஏளனமோ காட்டும் முகங்களின் படங்களைக் காண்பித்தபோது, மற்றவர்களைவிட அவர்களின் அமிக்டலா அதிகமாகக் கிளர்வதை 2002ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வு ஒன்று பதிவு செய்தது. நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளைப் புறணி, சூழலை அலசி, தேவையற்ற எச்சரிக்கையைத் தணிக்கும் பகுதி. சாம்பாரில் உப்புக் குறைந்ததால் சுளித்த முகமா, தன்னைக் கண்டு சுளித்த முகமா என்று பிரித்தறிய வேண்டிய இந்தப் பகுதியின் குரல், பதற்றம் உடையவரிடம் பிந்தி வருகிறது, அல்லது எடுபடாமல் போகிறது.

தினமும் பேருந்திலும் வகுப்பிலும் சந்தையிலும் மனிதர்களைச் சந்தித்துக்கொண்டே இருப்பவருக்கு இந்த அச்சம் தானாகத் தேய்ந்து மறைய வேண்டுமல்லவா என்ற கேள்வி நியாயமானது. அதற்கு டேவிட் கிளார்க்கும் ஏட்ரியன் வெல்ஸும் 1995இல் முன்வைத்த விளக்கம் இன்றைய சிகிச்சைக்கு அடித்தளமாக இருக்கிறது. பதற்றம் உடையவர் கூட்டத்துக்குள் சென்றதும் தம் கவனத்தை எதிரில் இருப்பவர் மேலிருந்து எடுத்துத் தம் மேலேயே திருப்பிக்கொள்கிறார். முகம் சூடேறுகிறதா, கை நடுங்குகிறதா என்று உள்ளே பார்த்துக்கொண்டிருப்பதால், எதிரில் இருப்பவர் உண்மையில் எப்படிப் பார்த்தார் என்ற செய்தி அவருக்குக் கிடைப்பதே இல்லை. அதோடு, தலை குனிந்து நிற்பது, தம்ளரை இரு கையாலும் இறுக்கிப் பிடிப்பது, சொல்ல வேண்டியதை முன்கூட்டியே மனப்பாடம் செய்வது, கைப்பேசியில் மும்முரமாக இருப்பதுபோல் காட்டிக்கொள்வது ஆகிய பாதுகாப்பு நடத்தைகளைக் கைக்கொள்கிறார். ஒன்றும் கெட்டுப்போகாமல் வீடு திரும்பினாலும், தலை குனிந்து நின்றதால்தான் தப்பித்தோம் என்றே மூளை கணக்கெழுதிக்கொள்கிறது. இரவில் படுத்தபின், பேசிய ஒவ்வொரு சொல்லையும் எடுத்து வைத்துக் குற்றம் பார்க்கும் அலசல் தொடங்குகிறது. ஆண்டுக்கணக்கில் மனிதர் நடுவே வாழ்ந்தும், மனிதரைப் பற்றிப் புதிதாக எதையும் கற்காமலிருப்பது இப்படித்தான் நேர்கிறது.

இந்தச் சுற்றை உடைப்பதற்கென்றே வகுக்கப்பட்டது அறிவாற்றல் நடத்தை சிகிச்சை. 'கவுன்சலிங்' என்ற பொதுச்சொல்லுக்குள் அடங்கும் அறிவுரையும் தேறுதலும் வேறு, இது வேறு. பிரிட்டனின் தேசிய மருத்துவ வழிகாட்டி நிறுவனம் 2013இல் வெளியிட்ட பரிந்துரையில், கிளார்க்–வெல்ஸ் முறையில் 90 நிமிடம் கொண்ட 14 அமர்வுகள் வரை அளிக்கலாம் என்று குறிப்பிட்டது. அந்த அமர்வுகளில் நடப்பவற்றுள் பேச்சு ஒரு பகுதி மட்டுமே. நோயாளர் சில நிமிடம் உரையாடுவது ஒளிப்பதிவு செய்யப்படுகிறது; பதிவைப் பார்ப்பதற்கு முன், தம் முகம் எவ்வளவு சிவந்திருக்கும், கை எவ்வளவு நடுங்கியிருக்கும் என்று நூற்றுக்கு இத்தனை என மதிப்பெண் போடுகிறார்; பிறகு, யாரோ ஒருவரைப் பார்ப்பதுபோல் அதைப் பார்க்கிறார். உள்ளே உணர்ந்த நடுக்கத்தில் பெரும்பகுதி வெளியே தெரியவே இல்லை என்பதைப் பெரும்பாலோர் அப்போதுதான் முதன்முறையாகக் கண்ணால் காண்கிறார்கள்.

அடுத்து அறையை விட்டு வெளியே செல்லும் பரிசோதனைகள். உடுமலைப் பேருந்து நிலையத்தில், முகப்பில் பழனி என்று பெரிதாக எழுதியிருக்கும் பேருந்தின் நடத்துநரிடம், "இந்த பஸ் தாராபுரம் போகுங்களா?" என்று வேண்டுமென்றே கேட்டுவிட்டு வருவது அத்தகைய பரிசோதனைக்குப் பொருத்தமான ஒன்று. கிளம்புவதற்கு முன், அவர் எரிந்து விழுவார், சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள், 80 விழுக்காடு நிச்சயம் என்று குறிப்பேட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். கேட்கும்போது ஒத்திகை கூடாது. தலை குனியக் கூடாது. நடத்துநரின் முகத்தைப் பார்த்தே கேட்க வேண்டும். "போகாதுங்க, அந்தப் பக்கம் நிக்குது பாருங்க" என்ற பதில் வந்து, அவர் அடுத்தவருக்குச் சீட்டுக் கிழிக்கத் திரும்பிவிட்டார் என்றால், எழுதிவைத்த 80 விழுக்காட்டுக்கும் நடந்ததற்கும் உள்ள இடைவெளியே சிகிச்சையின் மூலப்பொருள். எதிர்பார்த்தது நடக்காமல் போகும் அந்த வியப்பிலிருந்துதான் மூளை கற்கிறது.

அந்தக் கற்றல் மூளையில் தடம் பதிக்கிறதா என்பதை நேரில் பார்க்க முயன்றவர்கள் ஸ்வீடனில் உள்ள உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள். தோமாஸ் ஃபுர்மார்க்கும் அவருடைய குழுவினரும் 2002இல் வெளியிட்ட அந்த ஆய்வில் பங்கேற்றவர்கள், அதற்குமுன் சிகிச்சை எதுவும் பெறாத 18 பேர். மூளையின் எந்தப் பகுதிக்கு எவ்வளவு இரத்தம் பாய்கிறது என்பதைக் காட்டும் பெட் ஸ்கேன் கருவிக்குள் படுத்தபடியே, தம்மைக் கவனித்துக்கொண்டிருக்கும் சிறு கூட்டத்தின் முன், தாம் சென்ற ஒரு பயணத்தைப் பற்றியோ விடுமுறையைப் பற்றியோ அவர்கள் பேச வேண்டும். பிறகு ஒரு பிரிவினர்க்குச் சிட்டலோப்ராம் என்னும் மருந்து; இன்னொரு பிரிவினர்க்குக் குழுவாக அறிவாற்றல் நடத்தை சிகிச்சை; மூன்றாம் பிரிவினர் காத்திருப்போர் பட்டியலில். ஒன்பது வாரம் கழித்து அதே பேச்சு, அதே ஸ்கேன். மருந்து உண்டவர்களும் சிகிச்சை பெற்றவர்களும் ஒத்த அளவில் தேறியிருந்தார்கள். காத்திருந்தவர்களிடம் மாற்றம் இல்லை. ஆய்வின் உயிரான செய்தி அதற்கடுத்தது: தேறியவர்களின் மூளையில், மருந்தால் தேறியவரானாலும் பேச்சால் தேறியவரானாலும், அமிக்டலாவிலும், நினைவைப் பதிக்கும் ஹிப்போகாம்பஸிலும், அவற்றை ஒட்டிய பகுதிகளிலும் பேசும்போதான இரத்தப் பாய்ச்சல் குறைந்திருந்தது. புறப்பட்ட வாசல்கள் இரண்டாக இருந்தும் சென்று சேர்ந்த இடம் ஒன்றாக இருந்தது. அந்தத் தணிவு எவ்வளவு ஆழமாக இருந்ததோ, அந்த அளவுக்கு ஓராண்டு கழித்தும் அவர்கள் நலமாக இருந்தார்கள் என்பதையும் ஆய்வாளர்கள் கண்டார்கள். காதோடு நிற்பதாகக் கருதப்பட்ட பேச்சு, மருந்து தொட்ட அதே இடத்தைத் தொட்டிருந்தது.

இது எப்படி இயலும் என்பதற்கான விளக்கத்தை எரிக் கேன்டல் 1979ஆம் ஆண்டிலேயே எழுதியிருந்தார். கடல் நத்தை ஒன்றின் எளிய நரம்பு மண்டலத்தை ஆராய்ந்து, கற்றல் என்பது நரம்பணுக்கள் ஒன்றோடொன்று தொடர்புகொள்ளும் சந்திப்புகளான சினாப்ஸ்களின் வலிமையில் ஏற்படும் மாற்றமே என்று காட்டி, அதற்காக 2000ஆம் ஆண்டின் நோபல் பரிசில் பங்கு பெற்றவர் அவர். நீண்ட நாள் நிலைக்கும் கற்றலின்போது நரம்பணுவின் மரபணுக்கள் செயல்படும் விதம் மாறி, புதிய சினாப்ஸ்கள் முளைக்கின்றன என்றால், ஒருவரிடம் நிலையான மாற்றத்தை உண்டாக்கும் உரையாடலும் அவ்வாறே மூளையின் இணைப்புகளை மாற்றியாக வேண்டும் என்பது அவருடைய வாதம். வளர்ந்தவரின் மூளை இறுகிப்போன பொருள் என்ற பழைய நம்பிக்கையை, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று பின்னர் கலிஃபோர்னியாவில் பணியாற்றிய வி. எஸ். ராமச்சந்திரன், கை இழந்தவர்களின் மூளையில் உடல் வரைபடம் இடம் மாறுவதைக் காட்டி 1990களில் வேறொரு திசையிலிருந்து அசைத்தார்.

பின்வந்த ஆய்வுகள் இன்னும் நுட்பமான கேள்விகளைக் கேட்டன. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஃபிலிப் கோல்டினும் ஜேம்ஸ் கிராஸும் 75 நோயாளர்களைக் கொண்டு நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வில், பங்கேற்றவர்கள் தம் வாழ்வில் தலைகுனிவு நேர்ந்த சம்பவங்களையும், அப்போது தம்மைப் பற்றித் தமக்குள் எழுந்த கசப்பான எண்ணங்களையும் தாமே எழுதித் தந்தார்கள், எம்.ஆர்.ஐ. கருவிக்குள் அவற்றைப் படித்து, அந்த எண்ணத்தை வேறு கோணத்தில் பார்க்க முயன்றார்கள். சிகிச்சை முடித்தவர்களிடம் முன்மூளைப் புறணியின் நடுப்பகுதி முன்பைவிட வலுவாகவும், முன்பைவிடச் சீக்கிரமாகவும் செயல்படத் தொடங்கியது. அது எழும்போது அமிக்டலா தணிவதும் கூடியிருந்தது. வலிமை கூடியதைவிட நேரம் முந்தியதே கவனிக்கத்தக்கது. மொய் மேசை முன் நிற்பவருக்குச் சமாதானம் வீடு திரும்பிய பிறகு தோன்றிப் பயனில்லை. எழுதுபவர் நிமிர்ந்து பார்க்கும் அந்தக் கணத்திலேயே தோன்ற வேண்டும்.

ஸ்வீடனில் கிறிஸ்டோஃபர் மொன்சன் குழுவினர் 2016இல் வெளியிட்ட ஆய்வு மூளையின் இயக்கத்தோடு நில்லாமல் அதன் பருமனையும் அளந்தது. இணையம் வழியே ஒன்பது வாரம் சிகிச்சை பெற்றவர்களிடம் அமிக்டலாவின் சாம்பல்நிறப் பகுதியின் கன அளவு குறைந்திருந்தது. தம்மைக் குறைகூறும் வாசகங்களைப் படிக்கும்போது அது கிளர்வதும் குறைந்திருந்தது. மேடையேறுவதற்கு முன் வரும் பதற்றம் யாரிடம் அதிகம் தணிந்ததோ, அவர்களிடமே கன அளவும் அதிகம் குறைந்திருந்தது.

இத்தகைய முடிவுகளைப் படிப்பவர், அச்சம் மூளையிலிருந்து அழிக்கப்பட்டுவிட்டது என்று எண்ணிக்கொள்ளக் கூடாது. ஒருமுறை கற்ற எதிர்வினை தணிந்தபின்னும் இடைவெளி விட்டால் தானே மீளும் என்பதைப் பாவ்லவ் தம் நாய்களிடமே கண்டார். அச்சம் தணியும்போது பழைய நினைவு அப்படியே இருக்க, அதை அடக்கிவைக்கும் புதிய நினைவு ஒன்று முன்மூளைப் புறணியின் அடிப்பகுதியைச் சார்ந்து உருவாகிறது என்பதைப் பின்னர் எலிகளிடம் நடந்த ஆய்வுகள் புலப்படுத்தின. பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனப் பகுதியில் வாழ்பவர்களுக்கு இது எளிதில் விளங்கும்: பழைய வாய்க்காலைத் தூர்த்துவிடாமல் பக்கத்தில் புதிய வாய்க்கால் வெட்டினால், புதியது தூர்வாரப்பட்டிருக்கும்வரை தண்ணீர் அதன்வழியே போகும், கவனிக்காமல் விட்டால் பழைய வழியைத் தேடிக்கொள்ளும். இன்னொரு சிக்கலும் உண்டு. பழைய அச்சம் எந்த ஊரிலும் விழித்துக்கொள்ளும். புதிய நினைவோ, அது உருவான இடத்தோடும் சூழலோடும் ஒட்டிக்கொள்ளும் இயல்புடையது. கோவையில் ஒரு குளிரூட்டிய அறையில், சிரித்த முகத்தோடு கேட்கும் உளவியலாளரிடம் கற்ற துணிவு, உடுமலை மாரியம்மன் கோவில் தேர்த்திருவிழாக் கூட்டத்தில் பெரியப்பாவின் முன் நிற்கும்போது எடுபடாமல் போவதற்குக் காரணம் நோயாளரின் மனவலிமைக் குறைவு அன்று. கற்ற இடம் ஒன்றாகவும் தேவைப்படும் இடம் வேறாகவும் இருப்பதே காரணம். ஆகவே பயிற்சி பல இடங்களில், பல மனிதர்களிடம், அந்தந்த ஊரின் பேச்சு வழக்கிலேயே நடந்தாக வேண்டும். சிகிச்சை அறையில் பாதி ஆங்கிலத்தில் நடக்கும் உரையாடல், சொந்தபந்தத்தின் நடுவே 'ஏனுங்க' என்று தொடங்க வேண்டிய பேச்சுக்குப் போதிய துணையாகாது.

இந்த ஆய்வுகளின் எல்லையையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. பதினெட்டுப் பேர், எழுபத்தைந்து பேர் என்று சிறு எண்ணிக்கையில் நடந்தவை இவை. முடிவுகள் குழுவின் சராசரிகளே. ஒரு தனி மனிதரின் ஸ்கேனைப் பார்த்து இவருக்குச் சமூகப் பதற்றம் இருக்கிறது, இல்லை என்று சொல்ல எவராலும் இயலாது. இந்த நோயைக் கண்டறிவதற்கென்று எம்.ஆர்.ஐ. எடுக்கும் செலவு வீண். மருந்து தாழ்ந்தது என்பதும் இவற்றின் முடிவன்று; இரண்டும் பயன் தருபவை, சிலருக்கு இரண்டும் சேர்ந்தே தேவைப்படும். சிகிச்சையால் முழுதும் தேறாதவர்களும் இருக்கிறார்கள். இவற்றுக்கு உட்பட்டுச் சொன்னாலும், 101 சோதனைகளை ஒருங்கே ஆராய்ந்து 2014இல் லான்செட் குழும இதழில் வெளிவந்த தொகுப்பாய்வு, இந்த நோய்க்குத் தனிநபர் அறிவாற்றல் நடத்தை சிகிச்சையையே முதலில் பரிந்துரைத்தது.

தமிழ்நாட்டைச் சேர்த்து 12 மாநிலங்களில் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015–16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, வெவ்வேறு மனநோய்களில் 70 முதல் 92 விழுக்காடு வரையிலானோர் சிகிச்சை பெறாமலேயே இருக்கிறார்கள். மாவட்ட மனநலத் திட்டம் 1996இல் நாட்டின் நான்கு மாவட்டங்களில் தொடங்கப்பட்டபோது அவற்றுள் ஒன்றாகத் திருச்சி இருந்தது; இன்று அது மாநிலம் முழுவதும் பரவியிருந்தாலும், பயிற்சி பெற்ற உளவியலாளர் ஒருவர் வாரந்தோறும் ஒரு நோயாளருக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்கும் சிகிச்சை, வட்டத் தலைநகரங்களுக்கு இன்னும் எட்டாத பொருளாகவே இருக்கிறது. எட்ட வைக்க வழியே இல்லை என்று சொல்லிவிட முடியாது. மொன்சன் குழுவினரின் ஸ்வீடன் ஆய்வில் மூளையை மாற்றிய சிகிச்சை இணையம் வழியே வந்தது. கோவா மாநில ஆரம்ப சுகாதார நிலையங்களில், மனநலப் பட்டம் எதுவும் இல்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி அளித்து, மனச்சோர்வுக்கான உரையாடல் சிகிச்சையை ஆறு முதல் எட்டு அமர்வுகளில் அளிக்கச் செய்து, அது பலனளித்ததை விக்ரம் பட்டேல் குழுவினர் 2017இல் நிறுவினார்கள். சமூகப் பதற்றத்துக்கும் அதுபோன்றதொரு முயற்சியைக் கொங்கு வட்டாரத்தில், அந்த வட்டாரத் தமிழில் தொடங்குவது அவசரத் தேவை. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்னும் மனநலத் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் தமிழிலேயே அழைக்கலாம். நேரில் பேச அஞ்சுபவருக்கு அது முதல் படியாக அமையக்கூடும்.

சிகிச்சை தொடங்கும் முன்பே வீட்டார் செய்யக்கூடியது ஒன்று உண்டு. விருந்தினர் பெயரைக் கேட்டால் பிள்ளைக்குப் பதிலாகத் தாய் சொல்வதும், கடைக்காரரிடம் தந்தை பேசிவிடுவதும், மொய்ப் பணத்தைத் தம்பியிடம் கொடுத்தனுப்ப இசைவதும் அன்பினால் செய்யப்படுபவை. ஆனால் பாதுகாப்பு நடத்தையின் வேலையைத்தான் அவையும் செய்கின்றன. பிள்ளையைக் கூட்டத்தின் நடுவே தள்ளிவிடுவதும் கடிந்துகொள்வதும் இதற்கு மாற்றாகாது; அவை அச்சத்தையே உறுதிப்படுத்தும். கேள்வி பிள்ளையிடம் கேட்கப்பட்டால், பதில் திணறி வந்தாலும் மெல்ல வந்தாலும், பெரியவர்கள் குறுக்கே பேசாமல் சில வினாடி காத்திருக்க வேண்டும். வந்த பதிலைத் திருத்தாமலும், பிறகு வீட்டில் அதைப் பற்றிக் கேலியாகவோ புகழ்ந்தோ பேசாமலும் விட்டுவிட வேண்டும்.